வீவக வீட்டில் அறை எடுக்கிறீர்களா? சாவி வாங்கும் முன் தலைகளை எண்ணுங்கள்

2016இல் சிங்கப்பூருக்கு வந்த மூன்றாவது மாதம், ஈசூனில் ஒரு நால்வறை வீவக வீட்டில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில், எனக்கு இடம் கிடைத்தது. வாசலில் பதினொரு ஜோடி செருப்பு கிடந்தது. நம்ம ஊர் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பொழுது போகும் என்று சந்தோஷப்பட்டேன். ஓர் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில், நான்கு பேர். மாதாமாதம் வாடகையை ரொக்கமாக வாங்கிக்கொண்டவர் வீட்டுக்காரர் இல்லை. எங்களுக்கு முன்பே அங்கே குடியிருந்த ஓர் அண்ணன்.

ஏழாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். சோதனைக்கு வந்த இரு அதிகாரிகள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் நான்கு பெயர்கள். என் பெயர் இல்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான முறையான பாஸ் என்னிடம் இருந்தது, வாடகை பாக்கி ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) இல்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நான் இருப்பதே எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அண்ணனின் போன் அணைந்திருந்தது. அடுத்த வாரம் பெட்டியோடு வெளியே வந்தபோது முன்பணமும் போயிருந்தது.

இன்று ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் அறை தேடுவதற்கு என்னிடம் கேட்டால், வாடகை எவ்வளவு என்பதை நான் கடைசியில்தான் பேசுகிறேன். யார் பெயர் பதிவாகும், மொத்தம் எத்தனை தலை, எந்த அறை என்ற மூன்றும் முதலில். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, 1960 பிப்ரவரியில் தொடங்கியது. இந்த நாட்டில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் அது கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். ‘நால்வறை வீடு’ என்றால் நான்கு படுக்கையறை என்று ஊரிலிருந்து வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வீவக கணக்கில் கூடமும் ஓர் அறை. ஆகவே மூவறை வீட்டில் படுக்கையறை இரண்டு, நால்வறையில் மூன்று. விளம்பரத்தில் ‘நால்வறை வீடு, நான்கு ரூம் வாடகைக்கு’ என்று பார்த்தால், அந்த நான்காவது ரூம் எங்கிருந்து முளைத்தது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு பிளைவுட் தடுப்பாக இருக்கும்.

படி 1: உங்கள் கார்டு இடம் கொடுக்கிறதா

எல்லாப் பாஸ்காரர்களும் வீவக வீட்டில் தங்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குடிமக்கள், நிரந்தரவாசிகள் இருவருக்கும் பிரச்சினை இல்லை. வெளிநாட்டவர் என்றால் வேலைக்கான பாஸ்கள், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், நீண்டகால வருகைப் பாஸ் போன்ற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பாஸுக்குக் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலை தேடும் மச்சானை அறையில் ‘ஒரு மாசம் அட்ஜஸ்ட் பண்ணி’ வைத்துக்கொள்வது விதிக்குள் வராது.

ஒர்க் பர்மிட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறை ஆகிய மூன்றிலும் ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்களில் மலேசியர்கள் மட்டுமே வீவக வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர், வாடகையைத் தானே கட்டத் தயாராக இருந்தாலும், டார்மிட்டரிக்கோ நிறுவனம் ஏற்பாடு செய்யும் அனுமதிபெற்ற வேறு இடத்துக்கோதான் போக முடியும். அதே தளத்தில் வேலை பார்க்கும் மலேசியாவின் ஜொகூர்த் தமிழர் வீவக அறையில் தங்கலாம். இது நியாயமா என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தனிக் கருத்து உண்டு. ஆனால் கதவைத் தட்டும் அதிகாரியிடம் அந்தக் கருத்து செல்லாது.

ஒர்க் பர்மிட்டுக்கு மேல்நிலை வேலைப் பாஸ்களான எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உள்ளவர்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது.

படி 2: அறையா, முழு வீடா

இரண்டும் வீவகவின் கண்ணில் வேறு வேறு. விதிகளும் வேறு.

அறை வாடகை என்றால், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தாக வேண்டும். ஓரறை, ஈரறை வீடுகளில் அறையை வாடகைக்கு விட அனுமதி இல்லை, மூவறையிலிருந்துதான் தொடங்குகிறது. வீடு வாங்கியவர் தானே அதில் வசித்தாக வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை இன்னும் முடிக்காவிட்டாலும், அனுமதி பெற்று அறையை விடலாம்.

முழு வீடு என்றால், அந்தக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். பொதுவாக அது 5 ஆண்டு. நிரந்தரவாசிகள் தங்கள் வீவக வீட்டை முழுதாக விட முடியாது. 2024இலிருந்து விற்பனைக்கு வந்த ‘பிளஸ்’, ‘பிரைம்’ வகை வீடுகளை எப்போதுமே முழுதாக வாடகைக்கு விட முடியாது. அறைகளை மட்டும் விடலாம்.

முழு வீட்டுக்கு இன்னொரு தடை, வெளிநாட்டவர் விகிதம். ஓர் அக்கம்பக்க வட்டாரத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு என்ற வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே முழு வீட்டைச் சிங்கப்பூரர்களுக்கும் மலேசியர்களுக்கும் மட்டுமே விட முடியும். எல்லாம் பேசி முடித்த பிறகு ‘கோட்டா ஃபுல்’ என்று ஏஜென்ட் சொன்னால், அவர் கதை அளக்கிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆனால் பேசுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய வேலை அது. அறை வாடகைக்கு இந்த விகிதம் பொருந்தாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தில்லுமுல்லு உண்டு. வீட்டுக்காரர் ஓர் அறையைப் பூட்டி, உள்ளே இரண்டு பெட்டியையும் ஒரு மின்விசிறியையும் வைத்துவிட்டு, ‘நான் இங்கதான் இருக்கேன்’ என்று அறை வாடகைக்கு விண்ணப்பிப்பார். இருப்பது ஜொகூரிலோ மகள் வீட்டிலோ. விளம்பரத்தில் ‘நோ ஓனர் ஸ்டேயிங்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். குடியிருப்பவர்களுக்கு அது இனிக்கும்: சமையலறை நம்முடையது, கேட்க ஆள் இல்லை. அது முழு வீட்டு வாடகையாக முறைப்படி பதிவாகியிருந்தால் சரி. பூட்டிய அறை ஒன்று இருந்தால், ஆபத்து அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிடிபட்டால் அபராதத்திலிருந்து வீட்டைக் கழகம் எடுத்துக்கொள்வது வரை வீட்டுக்காரருக்குப் போகும். நீங்கள் அதற்கு முன்பே தெருவில் நிற்பீர்கள்.

படி 3: தலை எண்ணுங்கள்

இதுதான் எல்லாரும் தவறு செய்யும் இடம்.

நான் வந்த காலத்தில் நால்வறையிலும் அதைவிடப் பெரிய வீட்டிலும் 9 பேர் வரை இருக்கலாம். நாங்கள் பதினொரு பேர் இருந்தோம் என்பது வேறு விஷயம். 2018 மே 1 முதல் அதை 6 ஆகக் குறைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு வாடகை ஏகத்துக்கும் ஏறியதும், 2024 ஜனவரி 22 முதல் நால்வறையிலும் அதைவிடப் பெரிய வீட்டிலும் 8 பேர் வரை தற்காலிகமாக அனுமதித்தார்கள். முதலில் 2026 இறுதிவரை என்றார்கள்; பிறகு 2028 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ‘தற்காலிகமாக’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். எட்டுப் பேர் கணக்கில் ஒப்பந்தம் போட்டால், அது முடியும் நாள் அந்தத் தேதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூவறை வீட்டுக்கு 6 பேர். அதில் மாற்றம் இல்லை. ஓரறை, ஈரறை வீட்டை முழுதாக எடுத்தால் 4 பேர்.

அறை வாடகையில் இந்த எண்ணிக்கைக்குள் வாடகைக்காரர்கள் மட்டும் வருவதில்லை. வீட்டுக்காரரும் அவர் குடும்பமும் சேர்த்திதான். மூவறை வீட்டில் அங்கிள், ஆன்ட்டி, கல்லூரிக்குப் போகும் மகன் என்று மூவர் இருந்தால், வாடகைக்கு வர மிச்சம் மூன்று இடம். அந்த ஓர் அறையில் நான்கு பேருக்குக் கட்டில் போட்டிருந்தால் கணக்கு உடைகிறது. நால்வறையில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால், இப்போதைய வரம்பில் மிச்சம் நான்கு.

அறையைப் பார்க்கப் போகும்போது நேரடியாகக் கேளுங்கள்: “அங்கிள், வீட்ல மொத்தம் எத்தன பேரு?” பதில் மழுப்பலாக வந்தால், வாசலைப் பாருங்கள். செருப்பு அலமாரி பொய் சொல்லாது. குளியலறையில் பல்துலக்கிகளை எண்ணலாம். சமையலறைக்குப் போய் அரிசி மூட்டைகளை எண்ணுங்கள். ஆளுக்கு ஒன்று, மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதி வைப்பது நம்மவர்கள் பழக்கம். துணி காயும் மூங்கில் கம்பில் எத்தனை நிறுவனச் சீருடை தொங்குகிறது என்று நான் ஒருமுறை எண்ணி, உட்காராமலே கிளம்பி வந்தேன்.

தனியார் கொண்டோவில் அறை எடுப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கேயும் 6 பேர்தான் வரம்பு, 90 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு அதே தற்காலிகச் சலுகையில் 8. குறைந்தபட்ச வாடகைக் காலம் அங்கே 3 மாதம், வீவகவில் 6 மாதம்.

படி 4: அது உண்மையிலேயே அறைதானா

வீவக கட்டும்போது எதைப் படுக்கையறையாகக் கட்டியதோ அதை மட்டுமே படுக்கையறையாக வாடகைக்கு விடலாம். கூடத்தைத் தடுத்து உண்டாக்கியது, சமையலறைப் பக்கத்துப் பண்டக அறை, பால்கனியை அடைத்தது எதுவும் கணக்கில் சேராது.

பண்டக அறை என்று சொல்லும்போது ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளில் கனமான இரும்புக் கதவோடு ஒரு சின்ன அறை இருக்கும். போர்க்காலப் பதுங்கறை. எல்லாரும் அதை ‘பாம் ஷெல்டர்’ என்பார்கள். சன்னல் கிடையாது, சுவர் கான்கிரீட், காற்று வர வட்டத் துளை மட்டும். செங்காங்கில் ஒரு வீட்டில் அதற்குள் ஒற்றைப் பாயும் ஒரு மேசை விசிறியும் வைத்து ஒரு தம்பி தங்கியிருந்தான். வாடகை மற்றவர்களைவிட நூறு வெள்ளி குறைவு. கதவை முழுக்கச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்று காலை வெளியே நீட்டித் தூங்குவான். அந்த நூறு வெள்ளியை மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புகிறேன் என்றான். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அறை இல்லை, அதை வாடகைக்கு விடுவது விதிமீறல்.

படி 5: யாரிடம் பணம் போகிறது

வீட்டுக்காரர் யார் என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். அடையாள அட்டையையும், வீவக கணக்கில் அவர் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். போனைத் திறந்து அரசின் மின்அடையாளமான சிங்பாஸ் வழியே இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். தயங்குபவர் அநேகமாக வீட்டுக்காரர் இல்லை.

என்னை ஏமாற்றியது போன்ற ‘மெயின் டெனன்ட்’ முறைதான் நம்மவர்கள் நடுவே அதிகம். ஒருவர் முழு வீட்டையும் தன் பெயரில் எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து வசூலித்து, மேல்லாபம் பார்ப்பார். வீவக வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை மறுபடி இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் எல்லார் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், எல்லார் பெயரும் வீவக பதிவில் ஏற வேண்டும்.

ஏஜென்ட் வந்தால், அவருடைய பதிவு எண்ணை வாங்கி, சொத்து முகவர்களின் அரசுப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். படம், பெயர், போன் எண் மூன்றும் அதில் வரும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: வீவக வீட்டு வாடகையில் முகவர் உங்கள் வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ கையில் வாங்கவே கூடாது. ‘ஓனர் பிசி, எனக்கு பேநவ் பண்ணிடுங்க, நான் கொடுத்துக்கறேன்’ என்று சொன்ன நொடியிலேயே போனை வைத்துவிடலாம். அறையை நேரில் பார்க்கும் முன் ‘புக்கிங்’ பணம் கேட்கும் விளம்பரங்களும் அப்படித்தான்.

‘இந்தியர்கள் வேண்டாம்’ என்ற விளம்பரங்களையும் பார்ப்பீர்கள். சில சமயம் அதைச் சொல்பவர் இந்தியராகவே இருப்பார். வாதாடி அந்த வீட்டுக்குள் நுழைந்து அங்கே ஆறு மாதம் இருக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன்.

படி 6: தாளில் என்ன எழுதுவது

வாட்ஸ்அப்பில் ‘ஓகே அங்கிள்’ என்பது ஒப்பந்தம் ஆகாது. ஒரு பக்கமாவது எழுதுங்கள். வாடகை, முன்பணம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, குடியிருப்பவர்கள் எல்லாருடைய முழுப்பெயர், பாஸ் எண். வாடகைக் காலம் 6 மாதத்துக்குக் குறையக் கூடாது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் ஒருவர் இருந்தாலும் ஒரே விண்ணப்பத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு. சிங்கப்பூரர், மலேசியர் மட்டும் என்றால் 3 ஆண்டு. முடிந்ததும் புதுப்பிக்கலாம்.

பெரிய சண்டைகள் பெரிய விதிகளால் வருவதில்லை. தாளிப்பால் வருகின்றன.

‘லைட் குக்கிங்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுக்காரர் நினைப்பது மேகி நூடுல்ஸும் முட்டையும். நாம் நினைப்பது சாதம், சாம்பார், ஒரு பொரியல், ‘அவ்வளவுதானே’. பிடோக்கில் நான் இருந்த வீட்டுச் சீன ஆன்ட்டி மிக நல்லவர். முதல் ஞாயிறு, எண்ணெயில் கடுகு வெடித்து வரமிளகாய் கருகியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடுப்பு எரிகிறது என்று நினைத்துவிட்டாராம். பிறகு உட்கார்ந்து பேசினோம். ஞாயிறு காலை 9 மணியிலிருந்து 11 மணிவரை முழுச் சமையல், சன்னல் திறந்திருக்க வேண்டும், மீன் வறுவல் மட்டும் கிடையாது. மற்ற நாட்களில் சூடுபடுத்துவது மட்டும். அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மூன்று வருடம் ஒரு முகச்சுளிப்பும் இல்லை. மூன்றாவது வருடம் சாம்பார்ப் பொடி எங்கே வாங்குவது என்று அவரே கேட்டார்.

ஆகவே சமையல் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள்: தாளிக்கலாமா, கறி மீன் உண்டா, குளிர்பெட்டியில் எந்தத் தட்டு என்னுடையது? சாமி படத்துக்கு விளக்கு ஏற்றலாமா, சாம்பிராணி போடலாமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். குளிர்சாதனம் இரவு 9 முதல் காலை 7 வரை மட்டும் என்று பல வீடுகளில் உண்டு. அதன் பராமரிப்புச் செலவு யாருடையது என்று எழுதுங்கள். துணி இயந்திரம் வாரத்துக்கு எத்தனை முறை. மின்சாரமும் தண்ணீரும், அதாவது எல்லாரும் ‘பியுபி’ என்று சொல்லும் கட்டணம், வாடகைக்குள் அடக்கமா, தலைக்கு வகுப்பதா. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இரண்டு நாள் தங்கலாமா.

முன்பணம் வழக்கமாக ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை. அது எந்தெந்தக் காரணத்துக்குப் பிடிக்கப்படும், எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது எழுத்தில் இருக்கட்டும். வேலை போய்ப் பாஸ் ரத்தானால் முன்கூட்டியே வெளியேறலாம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதை ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ (diplomatic clause) என்பார்கள். பெரும்பாலும் முதல் 12 மாதம் கழித்துத்தான் அது செல்லும் என்று எழுதுவார்கள். அறை வாடகையில் அதற்கு முன்பும் செல்லும்படி பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

பிறகு முத்திரைத் தீர்வை. உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு, சிங்கப்பூரில் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். 4 ஆண்டுக்கு மிகாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி, ஓராண்டு என்றால் மொத்தம் 10,800. தீர்வை 43 வெள்ளி. வழக்கப்படி குடியிருப்பவர்தான் கட்டுவார். நாற்பது வெள்ளியை மிச்சம்பிடிக்க நினைக்காதீர்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. முன்பணத்துக்காகச் சண்டை வரும் நாளில் அந்தத் தாள் வெறும் தாள்.

படி 7: பெயர் ஏறியதா

சாவி கைக்கு வரும் முன் வீட்டுக்காரர் வீவக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பிப்பது அவர்தான், நீங்கள் இல்லை. உங்கள் பாஸின் அசலைப் பார்ப்பது, அதைக் கடப்பிதழின் அசலோடு ஒப்பிடுவது, மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் பாஸ் செல்லுபடியாகிறதா என்று சரிபார்ப்பது என மூன்று சோதனையும் சட்டப்படி அவர் கடமை. ‘போட்டோ அனுப்புங்க போதும்’ என்கிற வீட்டுக்காரரைவிட, கடப்பிதழைக் கையில் வாங்கி விரல் வைத்துப் படிக்கிறவர் நல்லவர். சட்டவிரோதமாகத் தங்கியவருக்கு அறை கொடுத்தால் அவருக்குச் சிறைவரை போகும் என்பதால்தான் அந்தக் கவனம்.

அனுமதிக் கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சிங்பாஸ் இருந்தால் வீவக தளத்தில் நீங்களே பார்க்கவும் முடியும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னே போனதா பின்னே போனதா என்ற குழப்பம் தீராது. கடப்பிதழில் இருப்பது போலவே இருக்கட்டும்.

அதோடு வேலை முடியவில்லை. முகவரி மாறிய 28 நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஒர்க் பர்மிட்டில் இருப்பவரின் புது முகவரியை நிறுவனம் 5 நாளுக்குள் மனிதவள அமைச்சில் பதிய வேண்டும். ஆகவே வீடு மாறிய அன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

கூட இருப்பவர் நடுவில் ஊருக்குப் போய், அவர் கட்டிலுக்கு வேறொருவர் வருவது அடிக்கடி நடக்கும். ‘அதே நாலு பேருதானே’ என்று விடக் கூடாது. ஆள் மாறினால், ஒப்பந்தம் புதுப்பித்தால், முன்கூட்டியே முடித்தால் வீட்டுக்காரர் 7 நாளுக்குள் வீவகவிடம் தெரிவிக்க வேண்டும். புதிதாக வருபவர் தன் பெயர் ஏறும்வரை பெட்டியை இறக்காமல் இருப்பது நல்லது.

வாடகைக்கு விடும் நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு

நீங்கள் தெரிந்தவர் மகன் என்று இரக்கப்பட்டு அறை கொடுப்பீர்கள். அவன் இரண்டு நண்பர்களைக் கூட்டி வருவான். ‘அக்கா, ஒரே வாரம்’ என்பான். பாயை விரித்தவன் போக மாட்டான். அனுமதி உங்கள் பெயரில், வீடு உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். குடியிருப்பவர் தகவல் சொல்லாமல் ஆள் சேர்த்தால் ஒப்பந்தம் முடியும் என்று எழுதி வையுங்கள். அவ்வப்போது எட்டிப் பாருங்கள். நடைபாதையில் செருப்பு அலமாரி பெருகினால் அண்டை வீட்டார் புகாரும் கூடவே வரும். தீயணைப்பு விதிப்படி அங்கே 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும்.

அரசு வாடகை வீடு என்பது வேறு சங்கதி. வருமானம் குறைந்த குடிமக்களுக்குக் கழகமே ஓரறை, ஈரறை வீட்டை மலிவு வாடகைக்குக் கொடுக்கிறது. அங்கே ஒற்றையாட்கள் இருவர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிரும் கூட்டுத் திட்டம் உண்டு. துணை தேடிக் கொண்டுவர முடியாதவர்கள் தனியாக விண்ணப்பித்து, திட்டத்தை நடத்தும் அமைப்பு பொருத்தமான ஆளோடு சேர்த்துவைக்கும் முன்னோட்ட முறையும் 2021 இறுதியில் தொடங்கியது. அந்த வீடுகளில் எதையும் யாருக்கும் உள்வாடகைக்கு விட முடியாது. ‘என் தாத்தா வீட்ல ஒரு மூல இருக்கு’ என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்; போவது தாத்தாவின் வீடாக இருக்கும்.

படி 8: வெளியேறும் நாள்

உள்ளே வந்த அன்று எடுத்த படங்கள் இப்போதுதான் உதவும். சுவர்க் கறை, மெத்தைக் கிழிசல், குளிர்சாதனத்தில் சொட்டும் தண்ணீர், அலமாரிக் கதவின் கீல் என்று எல்லாவற்றையும் முதல் நாளே படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அதில் தேதி தானாக இருக்கும். கடைசி நாளும் அதே இடங்களை அதே கோணத்தில் எடுங்கள். சாவி கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். வீவக பதிவிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் போன பிறகும் அந்த வீட்டில் ஒரு தலையாக இருப்பீர்கள்.

முன்பணம் வரவில்லை, நியாயமான காரணமும் இல்லை என்றால், சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 2 ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அது விசாரிக்கும். 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு மிகாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 10 வெள்ளி. சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் இணையத்திலேயே பதியலாம். முத்திரையிட்ட ஒப்பந்தம், வங்கியில் மாற்றிய பணத்தின் பதிவு, அந்தப் படங்கள் மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே போன் வரும்: “தம்பி, அக்கவுன்ட் நம்பர் அனுப்பு.”

அன்று ஈசூனில் என்னிடம் இருந்தவை ஏழு மாத ரொக்க வாடகையும் அணைந்துபோன ஒரு போன் நம்பரும்தான்.